பிள்ளை குடிக்கவில்லை, எடை ஏறவில்லை: கேள்வி பதில்

அரசு மருத்துவமனை ஒன்றின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் 31 ஆண்டுகள் செவிலியராக இருந்தேன். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவற்றில் ஒரே கவலைதான். பிள்ளை சரியாகக் குடிப்பதில்லை, தராசு முள் நகர்வதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதியிருக்கிறேன். நேரில் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டிய இடங்களில் அதை அழுத்திச் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: சிஸ்டர், என் மகன் பிறந்தபோது 2.9 கிலோ. ஐந்தாம் நாள் 2.7. இன்று 21ஆம் நாள், 2.93. மார்பில் போட்டால் முக்கால் மணி நேரம் இருக்கிறான், அப்படியே தூங்கிவிடுகிறான், கீழே படுக்க வைத்தால் அழுகிறான். "உனக்குப் பால் பற்றவில்லை, டின் வாங்கு" என்கிறார் மாமியார். (ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு தாய்)

பதில்: ஐந்தாம் நாள் எடை குறைந்ததை நினைத்துக் கலங்க வேண்டாம் அம்மா. பிறந்த பிள்ளை முதல் சில நாட்களில் பத்தில் ஒரு பங்கு வரை இளைக்கும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். அதன்பின் முதல் மூன்று மாதங்களில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். உங்கள் பிள்ளை 16 நாளில் 230 கிராம் ஏறியிருக்கிறான். நாளுக்குப் பதினான்கு கிராம். இது குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் பால் பற்றவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன், ஒரு வேளைப் பால் குடிப்பதைத் தொடக்கம் முதல் கடைசி வரை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முக்கால் மணி நேரம் மார்பில் கிடந்தான் என்பது கடிகாரத்தின் கணக்கு. எத்தனை வாய் விழுங்கினான் என்று நமக்குத் தெரிய வேண்டும்.

இரவுப் பணியில் ஒரு தாயின் அருகில் அப்படி உட்கார்ந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. பிள்ளையின் தாடை வேகமாக ஆடிக்கொண்டே இருந்தது. கன்னம் உள்ளே குழிந்தது. "சப் சப்" என்று சத்தம் வந்தது. பார்க்கிறவர்கள் நன்றாகக் குடிக்கிறது என்றுதான் சொல்வார்கள். நான் பத்து நிமிடம் பார்த்தேன்; நான்கே நான்கு முறைதான் விழுங்கியது. காம்பின் நுனியை மட்டும் கவ்விக்கொண்டு சப்பியிருக்கிறது. பிள்ளையின் வாயோரத்தில் சுண்டுவிரலை நுழைத்து விடுவித்துவிட்டு, வாயை ஆவென்று திறக்கும் வரை காத்திருந்து மறுபடி சேர்த்தோம். தாடை ஆழமாக இறங்கியது, ஒரு நொடி நின்றது, தொண்டையில் "க்" என்று மெல்லிய சத்தம். அந்த ஒரு நொடி நிற்பதுதான் விழுங்குவதற்கு அடையாளம். நீங்களும் அதையே தேடுங்கள்.

சேர்க்கும்போது காம்போடு அதைச் சுற்றிய கருவட்டத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் போக வேண்டும். மோவாய் மார்பில் அழுந்தியிருக்க வேண்டும், கீழுதடு வெளிப்புறமாக மடிந்திருக்க வேண்டும். கருவட்டம் மேலே கொஞ்சம் தெரியலாம், கீழே தெரியக்கூடாது. காம்பு வலிக்கிறது, விடுவித்தபின் நசுங்கிப்போய் வெளியே வருகிறது என்றால் பிடிப்பு சரியில்லை. நாக்கின் அடிச்சவ்வு இறுகி, நாக்கு முன்னே நீள முடியாமல் இருக்கிறதா என்று மருத்துவரிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

விழுங்குவது நின்று வெறுமனே சப்பத் தொடங்கினால், மார்பைக் கையால் பிடித்து மெதுவாக அழுத்துங்கள், பால் வாய்க்குள் இறங்கும். பிறகும் விழுங்கவில்லை என்றால் அடுத்த மார்புக்கு மாற்றுங்கள். துணியால் பொதிந்து வைக்காதீர்கள், கதகதப்பில் தூங்கிவிடுவான். 24 மணி நேரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு முறை, இரவு உட்பட. பால் சுரக்கத் தூண்டும் ஹார்மோன் இரவில்தான் கூடுதலாக இருக்கிறது. அதனால் இரவுப் பாலை விடாதீர்கள். எவ்வளவு வெளியே போகிறதோ அவ்வளவு சுரக்கும். டின் பாலைத் தொடங்கினால் மார்பு காலியாவது குறையும், சுரப்பும் குறையும், கடைசியில் மாமியார் சொன்னதே உண்மையாகிவிடும்.

ஈரத்துணிகளை எண்ணுங்கள். முதல் வாரம் தாண்டிய பிள்ளை நாளுக்கு ஆறு முறையாவது வெளிர் நிறத்தில் சிறுநீர் கழிக்க வேண்டும். நான்கு நாள் கழித்து அதே தராசில், உடம்பில் துணியில்லாமல் எடை போட்டு எனக்கு எழுதுங்கள். அதற்குள் ஈரத்துணி குறைந்தாலோ, பாலுக்கு எழுப்பியும் விழிக்காமல் கிடந்தாலோ, அந்த நான்கு நாளுக்குக் காத்திருக்கக் கூடாது, அன்றே மருத்துவமனை.

கேள்வி: நான் பாட்டி. எங்கள் காலத்தில் சேனைத் தண்ணீர் வைத்தோம், உரைமருந்து கொடுத்தோம், நாக்கில் தேன் தடவினோம். பிள்ளைகள் வளரவில்லையா? பேத்தி இரண்டு மாதமாகியும் பூஞ்சையாக இருக்கிறாள். எதையும் கொடுக்கக் கூடாது என்கிறாள் மருமகள். (விருதுநகர்)

பதில்: வணக்கம் அம்மா. உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது, என் தாயாரும் இதையேதான் சொல்வார். ஆனால் தேன் ஒரு வயது வரை ஒரு சொட்டும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரந்து, கைகால்களைத் தளரச் செய்துவிடும். பிள்ளை உறிஞ்சும் வலுவையும் இழந்துவிடும். சர்க்கரைத் தண்ணீர் வயிற்றை நிரப்பும், பசியை ஆற்றும், சதை பிடிக்க வைக்காது. வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் இருந்தாலும், உரைத்த கல்லிலும் விரலிலும் இருக்கும் அழுக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவருகிறது. வயிற்றுப்போக்கு வந்த பிள்ளை இன்னும் இளைக்கும்.

உங்களால் மட்டும் முடிகிற வேலை வேறு இருக்கிறது. பத்தியம் என்ற பெயரில் மருமகளுக்குத் தண்ணீரைக் குறைக்காதீர்கள். தாகம் எடுக்கும்போதெல்லாம் குடிக்கட்டும். பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, சுறாப்புட்டு எல்லாம் தாராளமாகச் செய்து போடுங்கள். பால் கொடுத்து முடித்ததும் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொடுங்கள், மருமகள் இரண்டு மணி நேரம் தூங்கட்டும்.

கேள்வி: நான் ஷார்ஜாவில் வேலை செய்கிறேன். ஊரில் என் மகளுக்கு நான்கு மாதம், 5.8 கிலோ. பிறந்த எடை 2.6. பக்கத்து வீட்டுப் பையன் அதே வயதில் 7.4 கிலோ. வீடியோவில் பார்க்கும்போதெல்லாம் மெலிந்தே தெரிகிறாள்.

பதில்: தம்பி, பிறந்த எடை ஐந்து மாத வாக்கில் இரண்டு மடங்காக வேண்டும். உங்கள் மகள் நான்கிலேயே அதைத் தாண்டிவிட்டாள். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடம் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் தாய்ப்பால் குடித்த பிள்ளைகளை அளந்து வரைந்தது. அதன்படி நான்கு மாதப் பெண் குழந்தைக்கு 5.8 கிலோ கவலைப்படும் எடை ஆகாது. தாய் சேய் நல அட்டையில் இருக்கும் கோட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தன் கோட்டை ஒட்டியே மேலே போகிறாளா என்று பாருங்கள். பக்கத்து வீட்டுப் பையனை விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஏழு வாரக் குழந்தை. இரண்டு நிமிடம் குடிப்பாள், விட்டுவிட்டு மூச்சு வாங்குவாள், மறுபடி குடிப்பாள். குடிக்கும்போது நெற்றியும் தலையும் வியர்த்து நனைந்துவிடுகின்றன. மூன்று வாரமாக எடை அப்படியே நிற்கிறது. (கடலூர்)

பதில்: இதைப் படித்தவுடன் கிளம்புங்கள் அம்மா. நாளைக்கு என்று வைக்க வேண்டாம். பால் குடிப்பது பச்சைக் குழந்தைக்கு மலையேறுவது போன்ற உழைப்பு. இதயத்தில் ஓட்டை போன்ற பிறவிக் கோளாறு உள்ள பிள்ளைதான் பெரும்பாலும் இப்படிப் பாதியில் களைத்து வியர்க்கும். மருத்துவமனைக்குப் போகும் வழியில் தூங்கினால் வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேக மூச்சு. உதடு நீலம் பாரித்தாலோ, மார்புக்கூடு உள்ளே இழுத்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள்.

வேறு நோயாகவும் இருக்கலாம், அதை எக்கோ என்னும் இதய ஸ்கேன் பரிசோதனையும் மருத்துவரும் சொல்வார்கள். செலவை நினைத்துத் தயங்காதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சைக்கு இடம் இருக்கிறது. பிறவிக் குறைகளைக் கண்டறிந்து வழிகாட்ட அரசு மருத்துவமனைகளில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன; அங்கேயும் கேளுங்கள்.

கேள்வி: 34 வாரத்தில் பிறந்தவன், 1.8 கிலோ. ஐந்து வாரம் ஆகியும் 2.1தான். மார்பில் போட்டால் உடனே தூங்கிவிடுகிறான். பாலைப் பீய்ச்சி, பாலாடையில் (மூக்கு வைத்த சிறு கிண்ணம்) கொடுக்கச் சொன்னார்கள், பாதி வழிந்துவிடுகிறது. (தஞ்சாவூர்)

பதில்: குறைமாதப் பிள்ளைக்கு உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடும் தாளம் இன்னும் பிடிபடவில்லை. அழுது கேட்கட்டும் என்று காத்திருந்தால் கேட்கவே மாட்டான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நீங்களே எழுப்புங்கள். பத்து நிமிடம் மார்பில், பிறகு பீய்ச்சிய பால் பாலாடையில். எல்லாம் சேர்த்து அரை மணி நேரத்துக்குள் முடியட்டும். அதற்கு மேல் போனால் குடித்த பாலின் சக்தி குடிப்பதிலேயே செலவாகிவிடும்.

பால் வழிவதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம். பிள்ளையை மடியில் பாதி நிமிர்ந்த நிலையில் வையுங்கள், மல்லாத்த வேண்டாம். பாலாடையின் மூக்கு கீழுதட்டின் மேல் வாயோரமாகத் தொட்டு நிற்கட்டும். பால் உதட்டை எட்டும் அளவுக்கு மட்டும் சாயுங்கள். நாக்கு வெளியே வந்து நனைத்துக்கொள்ளும், விழுங்கும். அடுத்த வாய்க்கு அவன் தயாராகும் வரை கையை அசைக்காதீர்கள். வாய்க்குள் ஊற்றவே கூடாது. பீய்ச்சும்போது கடைசியில் வரும் பாலை விட்டுவிடாதீர்கள், கொழுப்பு அதில்தான் அதிகம்.

இன்னொன்று. துணியில்லாமல் உங்கள் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள், நாளில் எத்தனை மணி நேரம் முடியுமோ அத்தனை. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கிய கங்காரு முறை இது. உடல் சூட்டைக் காக்க அவன் தன் சக்தியைச் செலவிட வேண்டியதில்லை, உங்களுக்கும் பால் சுரக்கும். இரும்புச்சத்து, வைட்டமின் டி சொட்டு மருந்துகளை நிறுத்தாதீர்கள். நாளுக்குப் பத்து கிராம்கூட ஏறாத நிலையில் அடுத்த தேதி வரை இருக்காமல் இந்த வாரமே காட்டுங்கள்.

கேள்வி: டின் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது, விலையும் அதிகம். ஒரு கரண்டி மாவுக்குக் கொஞ்சம் தண்ணீர் கூட்டினால் என்ன?

பதில்: கூட்டவே கூடாது. டின்னில் அச்சிட்ட அளவுதான் அளவு, கரண்டியைத் தலைதட்டி எடுங்கள். நீர்த்த பால் வயிற்றை நிரப்பி எடையை நிறுத்தும். உடம்பின் உப்பு குறைந்து வலிப்புகூட வரும். பசும்பாலுக்கும் ஒரு வயது வரை மாற வேண்டாம். விலை தாங்கவில்லை என்றால் தாய்ப்பாலை மறுபடி வரவழைக்க முடியுமா என்று பார்ப்போம், பிள்ளையின் வயதை எழுதுங்கள்.

கேள்வி: ஐந்து மாதம் நன்றாகக் குடித்தான். கருத்தடை மாத்திரை தொடங்கிய இரண்டு வாரத்தில் பால் வற்றிப்போனது போல் இருக்கிறது. (கோவை)

பதில்: ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள் பாலைக் குறைக்கக்கூடும். மாத்திரை அட்டையை மருத்துவரிடம் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். பால் கொடுக்கும் தாய்க்கு அந்தரா என்ற கருத்தடை ஊசி, ஈஸ்ட்ரோஜன் கலக்காத சாயா மாத்திரை, கருப்பையில் வைக்கும் காப்பர் டி ஆகியவை பொருந்தும், அரசு மருத்துவமனையில் இலவசம். அதுவரை அடிக்கடி மார்பில் போடுங்கள்.

கேள்வி: எட்டு மாதம். இரண்டு மாதமாக 6.9 கிலோவிலேயே நிற்கிறாள். பருப்புத் தண்ணீர், மிக்ஸியில் அடித்த ரசம் சாதம், பாலில் ஊறிய பிஸ்கெட் கொடுக்கிறேன். இரண்டு வாயில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். (திருநெல்வேலி)

பதில்: பருப்புத் தண்ணீரில் தண்ணீர்தான் இருக்கிறது, பருப்பு குக்கரிலேயே தங்கிவிடுகிறது. அவளுடைய வயிறு அவள் கைப்பிடி அளவு. அதில் நீர் நிறைந்தால் சோற்றுக்கு இடம் ஏது? கரண்டியைச் சாய்த்தால் வழியாமல் ஒட்டி நிற்கிற பதத்தில் குழைத்துக் கொடுங்கள். பருப்பையே மசித்து, சோற்றில் பிசைந்து, ஒரு தேக்கரண்டி நெய் விடுங்கள். வடிகட்டிய கேழ்வரகுப் பாலைக் கெட்டியான கூழாகக் காய்ச்சுங்கள். வெந்த முட்டை, மசித்த மீன், வாழைப்பழம், சர்க்கரைவள்ளி எல்லாம் கொடுக்கலாம். இப்போது நாளுக்கு மூன்று வேளை, ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வேளை, தாய்ப்பாலும் தொடர வேண்டும். பிஸ்கெட்டை விடுங்கள்.

முகத்தைத் திருப்பினால் அந்த வேளையை முடித்துக்கொள்ளுங்கள். மூக்கைப் பிடித்தோ செல்போனைக் காட்டியோ திணித்தால் கிண்ணத்தைக் கண்டாலே அழத் தொடங்குவாள். இரண்டு மாதம் நின்றுபோன எடைக்கு ரத்தமும் சிறுநீரும் பரிசோதிப்பது அவசியம். இரும்புச்சத்துக் குறைவு பசியைக் கொன்றுவிடும். காய்ச்சல்கூட இல்லாமல் சிறுநீர்த் தொற்று ஒளிந்திருக்கும். அங்கன்வாடியில் புயத்தின் சுற்றளவையும் அளக்கச் சொல்லுங்கள். 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் அது கடும் ஊட்டக்குறைவு, உடனே மருத்துவமனைக்கு.

கேள்வி: சிஸ்டர், ஒட்டன்சத்திரத்திலிருந்து மறுபடி எழுதுகிறேன். நான்கு நாள் ஆனது. மாமியாரே பக்கத்தில் உட்கார்ந்து விழுங்குவதை எண்ணுகிறார். நேற்று எட்டு ஈரத்துணி. இன்று 3.03 கிலோ. டின் வாங்கவில்லை. ஆனால் இடது பக்கம் இன்னும் வலிக்கிறது.

பதில்: நான்கு நாளில் நூறு கிராம்! வாசித்ததும் மனம் நிறைந்துவிட்டது. மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இடது பக்கம் கொடுக்கும்போது பிள்ளையின் உடலை அக்குளுக்குக் கீழே, கால்கள் உங்கள் முதுகுப்பக்கம் போகுமாறு வைத்துப் பாருங்கள். பிடிப்பு மாறும், வலி குறையும். கொடுத்து முடித்ததும் ஒரு சொட்டுப் பாலைக் காம்பில் தடவிக் காயவிடுங்கள். மார்பு சிவந்து கல்லாகி, காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் போங்கள், பால் கொடுப்பதை மட்டும் நிறுத்த வேண்டாம். அடுத்த வாரம் இதே கிழமை, இதே தராசு.