ஐந்து வயதுக் குழந்தைக்கு எண்ணுவதை வீட்டிலேயே விளையாட்டாகப் பழக்குவது எப்படி?

பல்லாங்குழி ஆடுங்கள். பலகை இல்லையென்றால் தரையில் சாக்பீஸால் வரிசைக்கு 7 வீதம் 14 வட்டங்கள் போடுங்கள். குழிக்கு 5 புளியங்கொட்டை, மொத்தம் 70.

ஒரு குழியை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இடும்போது ‘ஒரு காய்க்கு ஓர் எண்’ என்பது கைக்கே பழகிவிடுகிறது. பயிற்சி ஏட்டில் எண்களை எழுதிப் பார்ப்பதால் மட்டும் இது வந்துவிடாது. ஆட்டத்தின் நடுவே ஒரு குழியில் 4 சேர்ந்தால் அது ‘பசு’, குழிக்குரியவர் எடுத்துக்கொள்ளலாம். பசுவைத் தவறவிடக் கூடாதே என்ற ஆவலில், எண்ணாமலேயே நான்கை அடையாளம் காணக் குழந்தை பழகும். எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்!

பாட்டியோ தாத்தாவோ இருந்தால் எதிரே உட்காரட்டும். குழந்தை தடுமாறினாலும் நீங்கள் முந்திக்கொண்டு எண்ணிச் சொல்லாதீர்கள். வீட்டில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் கொட்டைகள் அதன் கைக்கு எட்டவே கூடாது, தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.