மெட்டீரியாவை விற்பதற்கு முன்

கேள்வி: அண்ணா, உயர்தரப் பரீட்சை முடிந்து வீட்டில் இருக்கிறேன். மாமா மகனின் லெப்டொப்பில் பழைய ஃபைனல் ஃபேன்டசி 7 விளையாடுகிறேன். மிட்கார் நகரத்தை விட்டு வெளியே வந்து கால்ம் ஊரில் நிற்கிறேன். ஆயுதத்திலும் கவசத்திலும் பொருத்துகிற பச்சை மெட்டீரியாக் கற்களை கிளவுட், பாரெட், டீஃபா மூன்று பேருக்கும் சமமாகப் பிரித்துப் போட்டேன். எல்லோருடைய எச்.பி.யும் (உயிர்ப் புள்ளிகள்) குறைந்துவிட்டது. சதுப்பு நிலத்துப் பாம்பு ஒரே அடியில் கொன்றுவிடுகிறது. காசும் இல்லை. நீல நிறத்தில் இரண்டு மெட்டீரியா கிடக்கின்றன, போட்டுப் பார்த்தால் ஒன்றுமே நடப்பதில்லை. அவற்றை விற்றுக் கவசம் வாங்கலாமா? மெட்டீரியா விற்றால் இலட்சக்கணக்கில் கிடைக்கும் என்று நண்பன் சொல்கிறான். உண்மையா?
(ஹட்டனிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தம்பி, அந்த நீல மெட்டீரியா இரண்டையும் தயவுசெய்து விற்க வேண்டாம். உங்கள் கையில் இருப்பதிலேயே பெறுமதியானவை அவைதான். நண்பன் சொன்ன இலட்சமும் உண்மை, ஆனால் அது இன்றைக்குக் கிடைக்கிற காசு இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எச்.பி. ஏன் குறைந்தது என்று பார்ப்போம். பச்சை மெட்டீரியா மந்திரம் தரும், அதற்கு ஒரு விலையும் கேட்கும். அதைப் பொருத்தியவரின் எம்.பி.யும் (மந்திரம் போடச் செலவாகும் புள்ளிகள்) மந்திர வலிமையும் கொஞ்சம் ஏறும், எச்.பி. இறங்கும். ஃபயர், ஐஸ் போன்ற சாதாரணக் கற்களுக்கு இறக்கம் சிறியது, பெரிய மந்திரங்களுக்கு 10 சதவீதம் வரை போகும். பல கற்கள் கைகளின் பலத்தையும் குறைக்கும். அதனால் சமமாகப் பிரிப்பது நியாயமாகத் தெரிந்தாலும் இந்த விளையாட்டில் அது நட்டம். டீஃபா கையால் குத்துகிறவள். அவளுக்கு மூன்று பச்சைக் கல்லைக் கொடுத்தால் குத்தும் பலவீனமாகும், அவளுடைய மந்திரமும் பெரிதாக இருக்காது.

ஏரிஸ் உங்கள் குழுவில் இருக்கிறாள், அவளைத்தான் நீங்கள் வெளியே உட்கார வைத்திருக்கிறீர்கள். இந்தக் கட்டத்தில் மந்திர வலிமை அதிகம் உள்ளவள் அவள்தான். பச்சைக் கற்களில் பெரும்பகுதியை அவளிடம் கொடுத்து, பின்வரிசையில் நிறுத்துங்கள். பின்வரிசையில் நிற்பவர் வாங்கும் கைகலப்பு அடி பாதியாகும். அவர் போடும் மந்திரம் குறையாது. பாரெட்டைக் குழுவில் வைத்தால் அவரையும் பின்னுக்கே அனுப்புங்கள். துப்பாக்கி தூரத்திலிருந்தும் முழு வேகத்தில் அடிக்கும். முன்வரிசைக்கு கிளவுட் போதும்.

இனி அந்த நீலக் கல். நிறங்களைப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். பச்சை மந்திரம். மஞ்சள், திருடுவது போன்ற புதுச் செயல். ஊதா, பொருத்தியவரின் இயல்பையே மாற்றுவது. சிவப்பு, பெரிய உயிர்களை உதவிக்கு அழைப்பது. நீலம் மட்டும் தனியாக எதுவும் செய்யாது. ஆயுதத்தையும் கவசத்தையும் திறந்து, கல் பொருத்தும் ஸ்லொட்டுகளைப் பாருங்கள். சில தனித்தனியாக இருக்கும். சில இரண்டிரண்டாக, நடுவில் ஒரு கோட்டோடு இருக்கும். அந்தக் கோட்டின் ஒரு பக்கத்தில் நீலக் கல்லையும் மறுபக்கத்தில் பொருத்தமான இன்னொரு கல்லையும் வைத்தால்தான் அது வேலை செய்யும். உங்களிடம் கோளாறு அங்கேதான். கிளவுட் தொடக்கத்தில் தூக்கி வரும் பஸ்டர் சோர்டிலேயே அப்படி ஒரு ஜோடி இருக்கிறது.

செக்டர் 7 சேரியில் புதியவர்களுக்குப் பாடம் சொல்லும் அறையின் தரையில் கிடந்ததை நீங்கள் எடுத்திருந்தால், உங்கள் நீலக் கற்களில் ஒன்று ஆல். அதை முதலாவது ரியாக்டரில் எடுத்த, குணமாக்கும் பச்சைக் கல்லான ரெஸ்டோரோடு கோர்த்துவிடுங்கள். இப்போது ஒருமுறை கியூர் போட்டால் மூன்று பேருக்கும் சேர்த்துக் குணமாகும். தலைக்குக் கிடைக்கும் அளவு கொஞ்சம் குறையும், ஆனால் மூன்று முறை போடுவதைவிட எவ்வளவோ மேல். ஒரு சண்டையில் எத்தனை முறை அப்படிப் போடலாம் என்பது ஆல் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. முதல் நிலையில் ஒரே முறை, வளர வளர ஐந்து முறை வரை. ஆகவே அந்த ஒரு முறையைச் சின்னக் காயத்துக்குச் செலவழிக்காமல் வைத்திருங்கள்.

இன்னொன்று, மிட்காரை ஆளும் ஷின்ரா கம்பனியின் கட்டடத்தில் மேயரின் கடவுச்சொல்லை முதல் தடவையிலேயே சரியாகச் சொல்லியிருந்தால் கிடைக்கும் எலமென்டல். தவறவிட்டிருந்தால் கவலை வேண்டாம், பின்னாலும் கிடைக்கும். எனக்கு இந்த விளையாட்டிலேயே அதிகம் பிடித்த கல் இதுதான். காரணம், இது ஆளைப் பார்க்காமல் இடத்தைப் பார்க்கிறது. ஆயுதத்தில் லைட்னிங்கோடு கோர்த்தால் வெறும் வாள்வீச்சுக்கும் மின்னல் ஏறும். ஷின்ராவின் இயந்திரங்களுக்கு மின்னல் ஆகவே ஆகாது. அதே ஜோடியைக் கவசத்துக்கு மாற்றினால் வேலை தலைகீழ். முதல் நிலையில் மின்னல் அடி பாதியாகும், அடுத்த நிலையில் ஒன்றுமே செய்யாது, அதற்கு மேலே போனால் அந்த அடியே உங்களுக்கு எச்.பி.யாக மாறும்.

உங்கள் பாம்புக்கு விடையும் இங்கேதான் இருக்கிறது. மிட்கார் ஸோலம் என்ற அந்தப் பாம்பு பீட்டா என்று ஒரு வித்தை போடும். அது நெருப்பு. எலமென்டலையும் ஃபயரையும் கவசத்தில் கோர்த்துப் போட்டவருக்கு அந்த நெருப்பு பாதியாகிவிடும். ஆனாலும் இப்போது சண்டைக்குப் போக வேண்டாம். சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில், ஏறிச் சவாரி செய்யும் பெரிய பறவைகளான சொகோபோக்களின் பண்ணை இருக்கிறது. அங்கே 2,000 கில்லுக்கு (கில் என்பது விளையாட்டின் காசு) சொகோபோவை வரவழைக்கும் சொகோபோ லூர் மெட்டீரியாவை வாங்கி, ஒரு சொகோபோவைப் பிடித்து அதன் மேல் ஏறிப் போனால் பாம்பின் கையில் அகப்படாமல் கடக்கலாம். பண்ணையின் வேலிக்குள் நிற்கும் சொகோபோவோடு பேசவும் மறக்க வேண்டாம். அவை ஆடிக்காட்டிவிட்டு ஒரு சிவப்பு மெட்டீரியாவைச் சும்மாவே தரும்.

பாம்பை வெல்லத்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், ஷின்ரா கட்டடத்தில் கிடைத்த எனிமி ஸ்கில்லை நெருப்புக் கவசம் போட்டவருக்கே கொடுங்கள். எதிரியின் வித்தையை வாங்கி உயிரோடு நின்றால் அந்த வித்தை உங்களுடையதாகும். பீட்டாவை இந்தக் கட்டத்திலேயே கற்றுக்கொண்டவருக்கு அடுத்த பல மணி நேரம் எதிரிகள் ஒரு பொருட்டே இல்லை. ஒருமுறை போட 35 எம்.பி. போகும், அவ்வளவுதான். அதற்கு முன் பழகிப்பார்க்க மிட்காரைச் சுற்றியுள்ள காய்ந்த நிலத்தில் நடமாடுங்கள். கஸ்டம் ஸ்வீப்பர் என்ற இயந்திரம் வரும். அது உங்கள் மேல் மாட்ரா மேஜிக்கை ஏவும். கற்றுக்கொண்டால் வெறும் 8 எம்.பி.யில் எதிரிகள் எல்லோரையும் ஒன்றாக அடிக்கலாம். சம்பளக் காசு இல்லாத நேரத்துக்கு ஏற்ற ஆயுதம் அது. எனிமி ஸ்கில் விளையாட்டு முழுவதிலும் நான்குதான் உண்டு, ஒவ்வொன்றும் தனித்தனியாகவே கற்கும். யார் கையில் எது கற்றது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, விற்கும் கதைக்கு வருவோம்.

புதிய மெட்டீரியாவை இப்போது கடையில் கொடுத்தால் சில்லறைதான் கிடைக்கும். சண்டை முடிந்ததும் வரும் ஏ.பி. என்ற புள்ளிகள் அதில் சேரச் சேரத்தான் விலை ஏறும். அந்தப் புள்ளிகள் பங்கு போடப்படுவதில்லை. சண்டையில் நின்ற மூன்று பேரின் உடம்பில் உள்ள ஒவ்வொரு கல்லுக்கும் முழுதாகவே கிடைக்கும். வெளியே இருப்பவர்களின் கற்களுக்கு ஒன்றும் இல்லை. அதனால் வெறுமையான ஸ்லொட் ஒவ்வொன்றும் வீணாகப் போகும் புள்ளி. பயன்படுத்தாத கல்லாக இருந்தாலும் வைத்துவிடுங்கள். பச்சை என்றால் எச்.பி.யைப் பார்த்து, நீலம், மஞ்சள் என்றால் தயங்காமல்.

ஒரு கல் உச்ச நிலையை எட்டியதும், வாழைக்குப் பக்கத்தில் கன்று வைப்பது போல, அதே வகையில் புதிதாக ஒன்று பிறந்து உங்கள் பையில் விழும். நண்பன் சொன்ன இலட்சம் பிறப்பது இங்கேதான். ஃபயர் உச்சத்துக்குப் போக 35,000 ஏ.பி. வேண்டும், அப்படிப் போன ஃபயரை விற்றால் 42,000 கில். ஆல் உச்சத்துக்குப் போகவும் அதே 35,000 ஏ.பி.தான். ஆனால் அதை விற்றால் 14 இலட்சம் கில். அதே உழைப்பு, முப்பது மடங்குக்கு மேல் கூலி! இந்த ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டவர் விளையாட்டு முடியும் வரை பணத்துக்கு அலையமாட்டார். கோஸ்டா டெல் சோலில் விற்கும் வீடு 3 இலட்சம், பின்னால் சொகோபோ வளர்க்கத் தொழுவம் ஒன்று 10,000. ஒரே ஒரு ஆல் இரண்டையும் முடித்துவிடும். கன்றை வைத்துக்கொண்டு தாயை விற்றால் கையில் இருக்கும் எண்ணிக்கையும் குறைவதில்லை.

35,000 புள்ளி என்றால் இப்போது உங்களுக்கு மலைப்பாக இருக்கும். ஒரு சண்டைக்குக் கிடைப்பதே கொஞ்சம்தான். அவசரப்பட வேண்டாம், கதை போகும் வேகத்திலேயே அது வளரட்டும். ஆயுதம் வாங்கும்போது மட்டும் தாக்கும் எண்ணைப் பார்த்துவிட்டு நகராமல், கீழே எழுதியிருக்கும் வளர்ச்சியையும் பாருங்கள். சிலவற்றில் புள்ளி இரட்டிப்பாகும், மிகச் சிலவற்றில் மும்மடங்கு. கிளவுட்டின் கடைசி வாளான அல்டிமா வெப்பனில் எட்டு ஸ்லொட் இருக்கும், வளர்ச்சி அறவே கிடையாது. அதற்கு எதிர்மாறாக, ஏன்ஷியன்ட் ஃபொரஸ்ட்டில் எடுக்கும் அபொகலிப்ஸ் வாளில் மூன்றே ஸ்லொட், ஆனால் மும்மடங்கு வளர்ச்சி. கடைசிக் குகையில் மூவர் என்ற உருண்டைகள் மூன்று சேர்ந்து வரும், ஒன்றுக்கு 800 ஏ.பி. அபொகலிப்ஸில் இருக்கும் கல்லுக்கு அந்த ஒரே சண்டையில் 7,200. ஐந்து சண்டையில் ஆல் உச்சத்தைத் தொட்டுவிடும். ஸ்லொட் மூன்று என்பதால் மூன்று ஆல் ஒரே நேரத்தில்.

ஆகவே இன்றைக்குக் காசு வேண்டுமென்றால் மெட்டீரியாவைத் தொடாமல், பழைய ஆயுதங்களையும் பயன்படாத சாமான்களையும் விற்றுக் கவசம் வாங்குங்கள். வாங்கும் முன் அதில் கோடு போட்ட ஜோடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள். எனக்கு என்றால், கொஞ்சம் மெலிந்த கவசமாக இருந்தாலும் ஜோடி உள்ளதைத்தான் எடுப்பேன்.

மெட்டீரியா திரையில் கற்களை அடுக்கும் இடத்தில் டிராஷ் என்று ஒன்று இருக்கும். அதை அழுத்திப் போட்ட கல் திரும்ப வராது. பையில் 200 கல் வரைதான் அடங்கும், அந்த எல்லை உங்களுக்கு இப்போதைக்கு வராது. அதற்குப் பக்கத்தில் உள்ள எக்ஸ்சேன்ஜில் எல்லோருடைய கற்களையும் ஒரே திரையில் மாற்றலாம், ஆள் மாற்றும்போதெல்லாம் அதைப் பயன்படுத்துங்கள். பின்னால் காட்டில் யூஃபி என்ற பெண்ணைக் குழுவில் சேர்ப்பீர்கள். அவளோடு வூட்டாய் ஊர்ப்பக்கம் போனால் உங்கள் மெட்டீரியா முழுவதையும் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவாள். விளையாட்டு கெட்டுவிட்டது என்று பயந்து பழைய சேவுக்குத் திரும்ப வேண்டாம். அந்த ஊரின் கதையை முடித்தால் எல்லாம் திரும்பி வரும். கல் இல்லாமல் அந்தக் கொஞ்ச நேரத்தைத் தாண்ட, போகும் முன் குணமாக்கும் மருந்துகளை நிறைய வாங்கி வைத்தால் போதும்.

இந்த மெட்டீரியா என்பதே பூமியின் உயிர் இறுகிக் கல்லானது. அந்த உயிரை உறிஞ்சிக் கரண்ட் செய்து விற்று, உழைக்கிறவர்களை, மேல்நகரம் நிற்கும் பெரிய தட்டுக்குக் கீழே சேரியில் விட்டு வைக்கும் ஒரு கம்பனியின் கதைதான் மிட்கார். தோட்டத்து லயத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது ஏன் இவ்வளவு பிடித்துப்போகிறது என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஆகவே வசனங்களை அவசரமாகத் தட்டிவிடாமல் வாசித்துக்கொண்டு போங்கள்.

உங்கள் மாமா மகன் 2020இல் வந்த ரீமேக்கை விளையாடுகிறவர் என்றால் அவர் சொல்லும் யோசனைகளை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அங்கே ஆல் கிடையாது, மேக்னிஃபை என்று வேறொன்று இருக்கிறது. மேலே சொன்ன 14 இலட்சக் கணக்கு 1997இல் வந்த பழைய விளையாட்டுக்கு மட்டும்.

கடைசியாக, சேவ். நகரத்துக்குள்ளும் குகைக்குள்ளும் சேவ் புள்ளியில்தான் பதிய முடியும், வெளியே உலக வரைபடத்தில் எங்கே வேண்டுமானாலும் பதியலாம். அக்டோபர், நவம்பரில் நமது பக்கம் பின்னேரமானால் இடி மின்னலோடு மழை வரும், கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. லெப்டொப்பின் பெட்டரி பழையது என்றால் அதை நம்பி இருக்க வேண்டாம். ஊரை விட்டு வரைபடத்துக்கு வந்ததும் முதல் வேலையாகப் பதியுங்கள், ஒரே கோப்பின் மேல் பதியாமல் இரண்டு மூன்று இடங்களில் மாறி மாறி. பாம்போடு மோதுவதற்கு முன் பதிவது தனிக் கோப்பாக இருக்கட்டும். ஒருவேளை எலமென்டல் இல்லாமல் போயிருந்தால் அந்தக் கோப்பிலிருந்து பண்ணைக்குத் திரும்பிச் சொகோபோ பிடித்துக்கொள்ளலாம்.