வெயிட்லிஸ்ட்டில் பெயர் வந்திருக்கிறதா? முதலில் வேறொரு கல்லூரியில் இடத்தை உறுதி செய்யுங்கள்

அமெரிக்கக் கல்லூரி ஒன்று உங்கள் பிள்ளையை வெயிட்லிஸ்ட்டில், அதாவது காத்திருப்போர் பட்டியலில், வைத்திருக்கிறதா? எத்தனையாவது இடம் என்று கேட்டு மெயில் போடாதீர்கள். பெரும்பாலான கல்லூரிகள் அந்தப் பட்டியலுக்கு வரிசை எண்ணே போடுவதில்லை. மே 1-க்குள் டெபாசிட் (இடத்தை உறுதி செய்யும் முன்பணம்) கட்டியவர்களை எண்ணிவிட்டு, எங்கே ஆள் குறைகிறதோ அங்கே பொருந்துகிறவர்களை எடுக்கிறார்கள். இசைத்துறையில் இடம் காலியானால், கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்ட பிள்ளை எவ்வளவு மார்க் வாங்கியிருந்தாலும் அந்த இடம் அவனுக்கு வராது.

பல கல்லூரிகளில் பட்டியலில் பெயர் தானாக நிற்பதில்லை. கல்லூரியின் விண்ணப்ப இணையதளத்தில் (போர்ட்டல்) போய்ச் சம்மதம் தெரிவிக்க வேண்டும், அதற்கும் கெடு உண்டு. இன்னும் சேர விருப்பம் என்று கல்லூரிக்குக் கடிதமெல்லாம் எழுதி அனுப்பிவிட்டு இந்த ஒரு கிளிக்கை மறந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து, ஏற்கெனவே இடம் கொடுத்த கல்லூரிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது சொன்ன தேதிக்குள் டெபாசிட் கட்டிவிடுங்கள். வெயிட்லிஸ்ட் பெரும்பாலும் மே மாதத்தில்தான் நகரத் தொடங்கும். சில சமயம் ஜூலை வரை இழுக்கும். ஓரிடத்தில் டெபாசிட் கட்டிவிட்டு இன்னோரிடத்தில் காத்திருப்பது விதிமீறல் அல்ல. இரண்டு கல்லூரிகளில் டெபாசிட் கட்டுவதுதான் தவறு. மாறிப் போனால் முதல் டெபாசிட் பொதுவாகத் திரும்ப வராது.

வாய்ப்பு எவ்வளவு என்று தெரிய வேண்டுமா? பல கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் 'காமன் டேட்டா செட்' என்ற புள்ளிவிவரத் தொகுப்பில் சி2 பகுதியைப் பாருங்கள். வெயிட்லிஸ்ட்டில் எத்தனை பேருக்கு இடம் தந்தார்கள், எத்தனை பேர் சம்மதித்தார்கள், கடைசியில் எத்தனை பேரைச் சேர்த்தார்கள் என்று அதில் இருக்கும். மூன்றாவது எண்ணை இரண்டாவதால் வகுங்கள். முதல் எண்ணால் வகுத்தால் வாய்ப்பு உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். ஓர் ஆண்டுக் கணக்கை நம்ப வேண்டாம். ஓர் ஆண்டு நூற்றுக்கணக்கில் எடுத்த கல்லூரி மறு ஆண்டு ஒருவரைக்கூட எடுக்காமல் விடலாம்.

பிள்ளையின் கையில் இருப்பது விருப்பத்தைச் சொல்லும் அந்த ஒரு கடிதம்தான். கல்லூரி 'கூடுதலாக எதுவும் அனுப்பாதே' என்று சொல்லியிருந்தால் அதையும் அனுப்பக் கூடாது. அனுமதி இருந்தால் ஒரு பக்கத்துக்குள், பிள்ளையே எழுதட்டும். இடம் கிடைத்தால் கட்டாயம் சேருவேன் என்று முதல் பத்தியிலேயே சொல்லலாம், ஆனால் அது உண்மையாக இருந்தால் மட்டும், ஒரே ஒரு கல்லூரிக்கு மட்டும். அடுத்தது, விண்ணப்பித்த பிறகு நடந்தவை. 'அறிவியலில் ஆர்வம் கூடியிருக்கிறது' என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. 'பிப்ரவரியில் ஏரி நீரின் தரத்தைச் சோதித்து முடித்தோம், அறிக்கையை நகராட்சிக்குக் கொடுத்தோம்' என்றால் குறித்துக்கொள்ள ஒரு விஷயம் இருக்கிறது. மூன்றாவதாக, அந்தக் கல்லூரியில் மட்டும் உள்ள ஒரு பாடத்தையோ ஆய்வகத்தையோ தன் வேலையோடு சேர்த்து இரண்டு வரி. பெயரை மாற்றினால் வேறு கல்லூரிக்கும் பொருந்துகிற கடிதம் என்றால் திருப்பி எழுதச் சொல்லுங்கள். ஏன் எடுக்கவில்லை என்ற வருத்தம், மற்ற மாணவரோடு ஒப்பீடு, இரண்டும் வேண்டாம். பெற்றோர் போன் செய்வதும் உதவாது.

கடைசிப் பருவ மார்க் வந்ததும், கல்லூரி ஏற்றுக்கொள்ளும் என்றால் பள்ளி வழியாக அனுப்பச் சொல்லுங்கள். மார்க் சரிந்திருந்தால் கடிதம் எவ்வளவு நன்றாக இருந்தும் காப்பாற்றாது.

பணத்தை இப்போதே வீட்டில் பேசி முடியுங்கள். வெயிட்லிஸ்ட்டிலிருந்து எடுக்கும்போது உதவித்தொகைக்கான நிதி பெரும்பாலும் தீர்ந்திருக்கும். பதில் சொல்ல சில நாள்தான் தருவார்கள். எஃப்-1 என்ற மாணவர் விசா தேவைப்படும் பிள்ளை என்றால், அந்த விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவம், சேரப்போகும் கல்லூரியிலிருந்து புதிதாக வேண்டும். இடம் கிடைத்த அன்றே அங்குள்ள வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு எழுதி, முதல் கல்லூரியின் ஐ-20 வைத்து ஏற்கெனவே கட்டிய செவிஸ் கட்டணத்தை (அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான கட்டணம்) புதிய ஐ-20-இல் உள்ள செவிஸ் எண்ணுக்கு மாற்றுவது எப்படி என்று கேளுங்கள். டெபாசிட் கட்டிய கல்லூரிக்கும் விலகுவதாக அன்றே எழுதிவிடுங்கள். அங்கேயும் வெயிட்லிஸ்ட்டில் ஒரு பிள்ளை காத்திருக்கும்.