அபார்தைட் என்றால் என்ன? நெல்சன் மண்டேலா எதை எதிர்த்துச் சிறை போனார்?

தென்னாப்பிரிக்காவில் 1948 முதல் சட்டமாகவே நடந்த நிறப் பாகுபாடுதான் அபார்தைட். 'தனித்தனியாக இருத்தல்' என்று பொருள். எங்கே குடியிருக்கலாம், யாரை மணக்கலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம் எல்லாமே தோல் நிறப்படி. கறுப்பினத்தவருக்கு ஓட்டும் கிடையாது.

வெறுப்பு மட்டும் காரணமில்லை. சுரங்கத்துக்கும் பண்ணைக்கும் மலிவான கூலியாள் வேண்டும்; ஆனால் அவர்களுக்கு நிலமோ அதிகாரமோ போய்விடக் கூடாது. அதனால்தான் நகரத்துக்குள் நடமாட பாஸ் புத்தகம். கையில் இல்லையென்றால் கைது. சொந்த வீட்டின் கூடத்துக்குள் நுழைய, பிறகு குடிவந்தவரிடம் சீட்டு வாங்குவது போல.

வழக்கறிஞரான மண்டேலா இதை எதிர்த்தார். 1964-இல் ஆயுள் தண்டனை. மொத்தம் 27 ஆண்டுச் சிறை, அதில் 18 ராபன் தீவில். சிறைக்குள்ளும் நிறம் விடவில்லை. அதே வழக்கில் தண்டனை பெற்ற இந்திய வம்சாவளி அகமது கத்ராடாவுக்கு முழுக்கால்சட்டையும் ரொட்டியும். கறுப்பரான மண்டேலாவுக்கு அரைக்கால்சட்டை, ரொட்டி கிடையாது. நாற்பது தாண்டிய மனிதருக்கு, பள்ளிப் பையன் மாதிரி! எனக்கு எந்தச் சட்டப்பிரிவையும்விட இந்தக் கால்சட்டைதான் அபார்தைடைப் புரியவைத்தது.

1990-இல் விடுதலை, 1994-இல் அதிபர்.

அப்புறம், அவர் முழுக்க காந்தி வழியில் போனவர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: அமைதிப் போராட்டங்கள் ஒடுக்கப்பட்ட பிறகு, 1961-இல் அரசுக் கட்டமைப்புகளைத் தகர்க்கும் ஆயுதப் பிரிவைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.