கமினீத்தோ தெல் ரெய் போகிறீர்களா? டிக்கெட் பற்றிய கேள்வி-பதில்

ஸ்பெயினின் தெற்கே மாலகா மாகாணத்தில், குவாடலோர்சே ஆறு குடைந்த கைட்டானெஸ் மலையிடுக்கில், பாறைச் சுவரை ஒட்டிப் போகும் கட்டண நடைபாதைதான் கமினீத்தோ தெல் ரெய். விடுமுறைக்கு அங்கே போகத் திட்டமிடும் வாசகர்களின் கேள்விகள் இந்த முறை.

கேள்வி: நாங்கள் நான்கு பேர். போக நினைத்த நாளுக்கு அதிகாரபூர்வத் தளத்தில் டிக்கெட் தீர்ந்துவிட்டது. வேறொரு தளத்தில் தலைக்கு 45 யூரோ என்று கிடைக்கிறது. இது கள்ளச்சந்தையா, வாங்கலாமா?

விலை கூடியிருப்பதால் மட்டும் கள்ளச்சந்தை ஆகிவிடாது. அதிகாரபூர்வ விலை பொது நுழைவுக்கு 10 யூரோ, வழிகாட்டியுடன் போனால் 18 யூரோ. பயண முகவர்கள் வழிகாட்டி நேரங்களை முன்கூட்டியே எடுத்து வைத்து, மாலகாவிலிருந்து பேருந்தும் சேர்த்து விற்பார்கள். போக்குவரத்தும் வழிகாட்டியும் உள்ளடங்கினால் 45 யூரோ நியாயமே. நுழைவு மட்டும்தான் என்றால் அநியாயம்.

பணம் கட்டுமுன் அந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நிதானமாகத் தேடிப் படியுங்கள். உங்கள் தேதியும் நுழைவு நேரமும் உடனே உறுதியாகிறதா, அல்லது ‘கோரிக்கை பெறப்பட்டது, பின்னர் உறுதி செய்வோம்’ என்கிறதா? இரண்டாவது வகை என்றால் விற்பவர் கையில் இடமே இல்லை என்று அர்த்தம். உங்கள் பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு அதற்குப் பிறகுதான் இடம் தேடுவார். கிடைக்காவிட்டால் பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு ‘மன்னிக்கவும்’ என்று மின்னஞ்சல் வரும். பணம் திரும்பலாம், ஆனால் அதற்குள் விமானமும் விடுதியும் உறுதியாகியிருக்கும். வழிகாட்டி எந்த மொழியில் பேசுவார் என்பதையும் பாருங்கள். தலைக்கவசத்தைக் கூடுதல் சலுகைபோல் பட்டியலில் காட்டியிருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், அது எல்லோருக்கும் வாயிலிலேயே தருவதுதான்.

அதற்கு முன் அதிகாரபூர்வத் தளத்திலேயே இன்னொரு முறை முயலுங்கள். நான்கு பேர் என்று கேட்டால், நான்கு இடம் சேர்ந்தாற்போல் இல்லாத நேரமெல்லாம் காலி இல்லை என்றே காட்டும். இரண்டு இரண்டாகப் பிரித்து, அடுத்தடுத்த நேரங்களில் தேடுங்கள். அரை மணி முன்னால் போனவர்கள் வெளியேறும் இடத்தில் காத்திருந்தால் போதும். பொது நுழைவு தீர்ந்திருந்தாலும் வழிகாட்டி வகை தனியாக இருக்கக்கூடும், இரண்டையும் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை விடுமுறை என்பதால் அந்த நாளைத் தேடிக் களைக்க வேண்டாம். பொதுவாகச் சொன்னால், இந்த இடத்துக்கு விமான டிக்கெட்டுக்கு முன்னால் நுழைவு டிக்கெட்டை வாங்குவதுதான் சரியான வரிசை.

கேள்வி: ஆன்லைனில் வாங்கியதை 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பலாம் என்று ஐரோப்பியச் சட்டம் சொல்கிறதே. எங்கள் பயணம் ரத்தானதால் டிக்கெட் பணத்தைக் கேட்டோம், முடியாது என்கிறார்கள்.

அவர்கள் சொல்வது சரி. நீங்கள் சொல்லும் உரிமை 2011/83 என்ற ஐரோப்பிய ஒன்றிய நெறிமுறையில் இருக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 16ஆவது பிரிவு விதிவிலக்குகளைச் சொல்கிறது. குறிப்பிட்ட தேதிக்கு என்று வாங்கும் தங்குமிடம், வாடகைக் கார், பொழுதுபோக்குச் சேவை ஆகியவற்றுக்கு 14 நாள் உரிமை கிடையாது. நேரம் குறித்த நுழைவு டிக்கெட் அதில்தான் வருகிறது. நீங்கள் போகாவிட்டால் அந்த இடம் வீணாகிவிடும் என்பதே காரணம். ஆகவே ரத்து செய்யும் வசதி விற்பவரின் நிபந்தனையில் எழுதியிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. முகவர்கள் சிலர் 24 மணி நேரம் முன்புவரை இலவச ரத்து தருகிறார்கள். அந்த வசதிக்காகக் கூடுதலாகச் சில யூரோ தருவது, திட்டம் உறுதியாகாதவர்களுக்கு வீண்செலவு அல்ல.

காற்று பலமாக வீசினாலோ மழை பெய்தாலோ பாதையை மூடிவிடுவார்கள். அது வேறு கதை. பணம் வாங்கிய சேவையை அவர்களே தரவில்லை, ஆகவே நுழைவுப் பணத்தையோ வேறு தேதியையோ கேட்கலாம். சிக்கல் எங்கே வரும் என்றால், முகவரிடம் வாங்கியவர்களுக்கு. பாதை நிர்வாகத்துக்கு உங்களைத் தெரியாது. நீங்கள் பேச வேண்டியது யார் உங்கள் அட்டையிலிருந்து பணம் எடுத்தாரோ அவரிடம். வங்கிக் கணக்கில் அந்த வரவு-செலவு வரியில் வரும் பெயர்தான் பெரும்பாலும் உங்கள் எதிர்த்தரப்பு, விளம்பரத்தில் இருந்த பெயர் அல்ல. ‘பேருந்து ஓடியது, வேறு ஊரைக் காட்டினோம், எனவே பணம் இல்லை’ என்று சிலர் சொல்வதுண்டு. விளம்பரத்தின் தலைப்பே இந்த நடைபாதையாக இருந்தால் அந்த வாதத்தை ஏற்க வேண்டியதில்லை.

இன்னொன்று. ‘பேருந்தும் நுழைவும் சேர்ந்தது, எனவே தொகுப்புச் சுற்றுலாச் சட்டப் பாதுகாப்பு உண்டு’ என்று நினைக்காதீர்கள். இரவுத் தங்கல் இல்லாமல் 24 மணி நேரத்துக்குள் முடியும் பயணத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

புகார் எழுதும்போது ஆர்டர் எண், தேதி, நுழைவு நேரம், மூடல் அறிவிப்பின் படம், நீங்கள் கேட்கும் தொகை ஆகிய ஐந்தும் முதல் மின்னஞ்சலிலேயே இருக்கட்டும். கோபத்தை இரண்டாவது மின்னஞ்சலுக்கு வைத்துக்கொள்ளலாம். பதில் வராவிட்டால் கார்டு வழங்கிய வங்கியிடம் ‘சேவை தரப்படவில்லை’ என்ற காரணத்தில் சார்ஜ்பேக், அதாவது அட்டையில் கட்டிய பணத்தை வங்கி வழியே திரும்பப் பெறுவது, கேளுங்கள். அதற்குக் கெடு உண்டு, மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது. நீங்கள் வேறொரு ஐரோப்பிய ஒன்றிய நாட்டில் வசிப்பவர் என்றால், உங்கள் நாட்டிலுள்ள ஐரோப்பிய நுகர்வோர் மையம் இலவசமாகத் தலையிடும். அங்கே நேரில் இருக்கும்போதே தகராறு என்றால், கடைகளும் நிறுவனங்களும் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய புகார்ப் படிவத்தை, ‘ஓஹா தெ ரெக்லமசியோன்’, கேட்டு வாங்குங்கள். படிவத்தைக் கேட்டவுடனேயே பல தகராறுகள் தீர்ந்துவிடும்.

கேள்வி: மகளுக்கு 8 வயது ஆக இரண்டு மாதம் இருக்கிறது. உயரமான பிள்ளை. விடுவார்களா?

விடமாட்டார்கள். 8 வயது நிரம்பியிருக்க வேண்டும், தோளில் தூக்கிப் போவதற்கும் அனுமதி இல்லை. பாஸ்போர்ட் போன்ற வயது ஆவணம் வாயிலில் கேட்பார்கள். மகளுக்கு டிக்கெட் வாங்கிவிட்டுப் போய் அங்கே வாதாடினால், பிள்ளையோடு ஒரு பெரியவரும் வெளியே நிற்க வேண்டிவரும், இரண்டு டிக்கெட்டும் போகும்.

ஸ்பெயினையே மாற்றலாம் என்றால் இரண்டு இடம். ஸ்விட்சர்லாந்தின் மைரிங்கன் அருகே ஆரெ ஆற்று மலையிடுக்கு 1.4 கிலோமீட்டர் நீளம், சில இடங்களில் 200 மீட்டர் ஆழம், பாதை ஆற்றுக்கு மிக அருகே போகிறது. கிழக்கு, மேற்கு என்று இரண்டு வாயில்கள், இடையே சிறு ரயில் ஓடுகிறது, நடந்து திரும்ப வேண்டாம். ஜெர்மனியின் கார்மிஷ்-பார்டன்கிர்ஹனில் பார்ட்னாஹ் மலையிடுக்கு ஏறத்தாழ 700 மீட்டர், குளிர்காலத்தில் பனிக்கூம்புகளைப் பார்க்கவும் திறந்திருக்கும். அங்கே பாறையிலிருந்து எப்போதும் நீர் சொட்டும், வெயில் நாளிலும் மழைச்சட்டை வேண்டும். தள்ளுவண்டி கூடாது. பனி உருகும் காலத்தில் மூடுவார்கள், போகுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காரை எங்கே நிறுத்துவது? டிக்கெட்டில் 11.00 என்றால் 11 மணிக்கு அங்கே இருந்தால் போதுமா?

இந்தக் குழப்பத்தில்தான் அதிகம் பேர் டிக்கெட்டை இழக்கிறார்கள். பாதை ஒருவழி. வடக்கே ஆர்தாலெஸ் பக்கம் நுழைந்து, தெற்கே எல் சோரோ பக்கம் வெளியேற வேண்டும். மொத்தம் 7.7 கிலோமீட்டர், அதில் கட்டணப் பகுதி 2.9 கிலோமீட்டர்தான். மிச்சம் வாயிலுக்குப் போகவும் வாயிலிலிருந்து வரவும் நடப்பது. டிக்கெட்டில் உள்ள நேரம் கட்டுப்பாட்டு வாயிலில் இருக்க வேண்டிய நேரம், கார் நிறுத்தும் நேரமல்ல.

வடபுறச் சாலையிலிருந்து வாயிலுக்கு இரண்டு வழி. சிறு சுரங்கம் வழியாக 1.5 கிலோமீட்டர், மற்றது 2.7 கிலோமீட்டர். தாமதமாகி வந்தவர் தெரியாமல் நீண்ட வழியில் இறங்கினால் முக்கால் மணி போய்விடும். தலைக்கவசம், விளக்கம் இவற்றுக்காக அரை மணி முன்னதாக வாயிலில் இருப்பது நல்லது. இப்போது பின்னோக்கிக் கணக்கிடுங்கள்: 11.00 டிக்கெட் என்றால் 10.30க்கு வாயில், 10.00க்கு நடை தொடக்கம்.

எல் சோரோவில் காரை விட்டால் அங்கிருந்து வடக்கே பேருந்தில் போக வேண்டும், பயணம் சுமார் 20 நிமிடம். அதனால் 9.30 பேருந்தாவது பிடிக்க வேண்டும், கூட்ட நாளில் அதற்கு முந்தையது. நடை முடிந்தால் கார் பக்கத்திலேயே. வடக்கே காரை விட்டால் காலையில் பதற்றம் குறைவு, ஆனால் முடித்தபின் 2.1 கிலோமீட்டர் எல் சோரோவுக்கு நடந்து, வெயிலில் பேருந்துக்கு வரிசை நிற்க வேண்டும். தொலைவிலிருந்து காரில் வருபவர்களுக்கு வடக்கு நல்லது, வரிசையில் நின்றால் கால் வலிக்கும், அவ்வளவுதான், டிக்கெட் போகாது. முந்தைய இரவே பக்கத்தில் தங்கியவர்கள் தெற்கில் விடட்டும். மாலகாவிலிருந்து எல் சோரோவுக்கு ரயில் உண்டு, நாளொன்றுக்குச் சிலவே. நுழைவு நேரத்தை ரயிலுக்கு ஏற்றபடி தேர்ந்தெடுங்கள். பேருந்துக் கட்டணம் நுழைவு விலையில் சேராது.

கேள்வி: எனக்கு உயரம் என்றால் பயம். பாதியில் திரும்ப முடியுமா?

ஒருவழிப் பாதையில் உங்களுக்குப் பின்னால் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், திரும்பலாம் என்று நம்பிப் போகாதீர்கள். நீர்மின் நிலையத் தொழிலாளர்களுக்காக 1901–1905 காலத்தில் கட்டிய பழைய பாதை, 1921இல் அரசர் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோ நடந்ததால் ‘அரசரின் சிறுபாதை’ ஆனது. பிறகு சிதைந்து, உயிர்ப்பலிகளுக்குப் பின் மூடப்பட்டு, 2015இல் புதிதாகத் திறந்தது. நீங்கள் நடப்பது புதிய மரப்பலகைப் பாதையில். ஓட்டை விழுந்து கிடக்கும் பழையது பல இடங்களில் உங்கள் காலுக்குக் கீழேயே தெரியும், பயப்படுபவர்களை அதிகம் கலக்குவது அதுதான்.

முதல் இடுக்கு நிழலும் குறுகலும், பெரும்பாலானோருக்குச் சமாளிக்க முடியும். அடுத்து அகன்ற பள்ளத்தாக்கு, மண் பாதை, பயமே இல்லை. சோதனை கடைசியில் கைட்டானெஸ் பகுதியில். கண்ணாடித் தரை மேடை இருக்கிறது, அதில் ஏறுவது கட்டாயமில்லை. ஆற்றுக்கு 105 மீட்டர் மேலே தொங்கும் பாலத்துக்கு மாற்று வழி இல்லை. அது ஆடும். முன்னே போவோர் இறங்கும்வரை நின்று, ஆட்டம் அடங்கியபின் பார்வையை எதிர்ப்பாறையில் வைத்துப் போங்கள். பலகைப் பாதையில் சுவர்ப்பக்கக் கம்பிவடத்தைப் பிடித்தபடி நடக்கலாம். பால்கனியில் நின்றாலே தலைசுற்றுபவர் என்றால் டிக்கெட் வாங்காதீர்கள்.

கேள்வி: என்ன கொண்டுபோவது?

பிடிப்புள்ள மூடிய காலணி, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி. தொப்பி வாயிலுக்குப் போகும்வரையும் வெளியேறிய பின்னரும் வேண்டும், நடுவில் தலைக்கவசம்தான். சிறு முதுகுப்பை போதும், பெரியதை விடமாட்டார்கள். செல்ஃபி குச்சி, நாய் இரண்டும் கூடாது. கட்டணப் பகுதிக்குள் கழிவறை கிடையாது, வாயிலுக்கு முன்பே போய்விட்டு வாருங்கள்.