கேளுங்கள், பேசுவோம்: திடப்படுத்தலுக்கு அப்புறம் பிள்ளைகள் எங்கே?

இந்த முறை வந்த கடிதங்களில் நிறைய, திடப்படுத்தல் வகுப்பையும் (கன்ஃபர்மேஷன், கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் வளர்ந்தபின் தாங்களே விசுவாசத்தை அறிக்கையிடத் தயாராகும் வகுப்பு) வாலிபர் சங்கத்தையும் பற்றியே இருந்தன. எழுதியவர்கள் பெரும்பாலும் லுத்தரன் சபையார். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

என் மகனுக்கு 14 வயது. திடப்படுத்தல் வகுப்பில் ஞானோபதேசத்தை முழுக்க மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். "அர்த்தம் தெரியாம ஒப்பிக்கிறதுல என்னம்மா பிரயோஜனம்?" என்று கேட்கிறான். என்ன சொல்லட்டும்?
*ஒரு தாய், மயிலாடுதுறை*

அவனைத் திட்டாதீர்கள் சகோதரி, அவன் கேட்டது சரியான கேள்வி. மார்ட்டின் லுத்தர் எழுதிய அந்தச் சின்ன ஞானோபதேசப் புத்தகமே அந்தக் கேள்வியால்தான் நிறைந்திருக்கிறது. 1528-இல் ஜெர்மனியின் சாக்சனியில் சபைகளைப் பார்வையிடப் போன லுத்தர், கிராமத்து மக்களுக்குப் பத்துக் கட்டளைகளும் விசுவாசப் பிரமாணமும் பரமண்டல ஜெபமும்கூடத் தெரியாமல் இருந்ததைப் பார்த்தார். சொல்லிக்கொடுக்க வேண்டிய போதகர்களிலேயே பலருக்குச் சரக்கு இல்லை. மனம் வெந்துபோய் வந்தவர், 1529 தொடக்கத்தில் சுவரில் மாட்டிவைக்கிற மாதிரி பெரிய தாள்களாக அச்சடித்துக் கொடுத்தார், அப்புறம் அதே வருடத்தில் அது புத்தகமாக வந்தது. ஒவ்வொரு கட்டளைக்கும், ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கீழே "இதற்கு அர்த்தம் என்ன?" என்று கேட்டுக் கேட்டுத்தான் போவார்.

இன்னொன்று, அதன் தலைப்புகளைப் பார்த்தால், குடும்பத் தலைவர் தன் வீட்டாருக்கு இதை எப்படி எளிமையாகச் சொல்லிக்கொடுப்பது என்றுதான் இருக்கும். அதாவது முதலில் வீட்டுக்காகத்தான் எழுதினார். நாம் அதை ஞாயிறு மதியம் ஒரு மணி நேர வகுப்புக்குள் அடைத்து, சபைகுருவின் தலையில் கட்டிவிட்டு, கடைசி வாரத்தில் பரீட்சை மாதிரி கேட்டு முடித்துவிடுகிறோம். முன்னுரையில் லுத்தர் வரிசையையும் சொல்லித்தான் வைத்திருக்கிறார். முதலில் ஒரே பாடத்தை வார்த்தை மாறாமல் மனப்பாடம் செய்விக்க வேண்டும், அப்புறம் அர்த்தம், அதற்கப்புறம் பெரிய ஞானோபதேசத்தைக் கொண்டு இன்னும் விரிவான பாடம். நம் சபைகளில் பலதும் முதல் படியிலேயே நின்றுவிடுகின்றன, உங்கள் பையனுக்கு வரும் எரிச்சல் அங்கிருந்துதான் வருகிறது.

மனப்பாடமே வேண்டாம் என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியில் பேச்சே குழறிப்போன பெரியவர்கள் பக்கத்தில் நின்று பரமண்டல ஜெபத்தை ஆரம்பித்தால், அடுத்த வரியை அவர்கள் உதடுகள் சொல்லும். சின்ன வயதில் உள்ளே போனது அப்படி ஒட்டிக்கொள்கிறது.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். எட்டாம் கட்டளையை எடுங்கள், "பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக." கோர்ட்டில் பொய் சொல்லக் கூடாது, அவ்வளவுதானே என்று பையன் நினைப்பான். லுத்தரின் விளக்கம் அதோடு நிற்காது. அடுத்தவனைக் காட்டிக்கொடுக்காதே, பேரைக் கெடுக்காதே, அவனுக்காகப் பரிந்து பேசு, அவன் செய்கிற எல்லாவற்றுக்கும் நல்ல அர்த்தமே கொடு என்று அது நீளும். இப்போது அவனிடம் கேளுங்கள். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ ஒரு பெண்ணைப் பற்றி ஒரு ஸ்கிரீன்ஷாட் போடுகிறான், எல்லாரும் சிரிப்புப் பொம்மை போடுகிறார்கள், நீ ஒன்றுமே போடாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாய். கட்டளையைக் கைக்கொண்டாயா, மீறினாயா? பேசவிடுங்கள். பதிலை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பத்து நிமிஷம், வாரத்துக்கு ஒரு பகுதி, அவன் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். உங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள், அடுத்த வாரம் வகுப்பில் கேட்டு வரச் சொல்லுங்கள். வகுப்பும் அதனால் உயிர் பெறும்.

எங்கள் சபையில் "தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு" நான்காம் கட்டளை. மகள் படிக்கும் சி.எஸ்.ஐ. பள்ளியில் அது ஐந்தாம் கட்டளை. மிஸ் தப்பு போட்டுவிட்டாராம். எது சரி?
*வாசகர், கடலூர்*

இரண்டும் சரிதான். யாத்திராகமம் 20-இல் எண் போட்டு எழுதவில்லை, பிற்காலத்தவர்தான் எண்ணினார்கள். லுத்தரன்களும் கத்தோலிக்கரும் பழங்காலச் சபைப் பிதா அகுஸ்தீன் வழியில் எண்ணுகிறோம், விக்கிரகம் செய்யாதே என்பது முதல் கட்டளைக்குள்ளேயே அடங்கிவிடும், கடைசியில் இச்சியாதே என்பது இரண்டாகப் பிரியும். சி.எஸ்.ஐ.யின் வேர்களான ஆங்கிலிக்கன், சீர்திருத்த சபைகள் விக்கிரகத்தைத் தனிக் கட்டளையாக எண்ணுவதால் அங்கே ஒரு எண் தள்ளிப்போகிறது. பள்ளிப் பரீட்சையில் பள்ளிக் கணக்கு, சபையில் சபைக் கணக்கு என்று மகளிடம் சொல்லுங்கள். மிஸ்ஸிடமும் ஒரு வார்த்தை பக்குவமாகச் சொல்லி வையுங்கள்.

அக்கா, எனக்கு 17 வயது. ஃப்ரெண்ட்ஸோடு வெள்ளிக்கிழமை வேறொரு சபை யூத் மீட்டிங் போகிறேன். அங்கே பாட்டு, அழுகை, சந்தோஷம் எல்லாம் வருது. நம்ம சர்ச்சில் புத்தகத்தைப் பார்த்து வாசிக்கிறோம், எனக்கு ஒண்ணுமே தோணலை. நான் தப்பானவளா?
*ஒரு தங்கை, திருச்சி*

தப்பானவளே இல்லம்மா. பாடி அழுவது நல்லதுதான். லுத்தரன் என்றால் பாடத் தெரியாதவர்கள் என்று யாரோ உனக்குச் சொல்லியிருந்தால் அதை நம்பாதே. 1524-இல் வந்த முதல் லுத்தரன் பாட்டுப் புத்தகத்தில் இருந்ததே எட்டுப் பாட்டுதான், அதில் நாலு லுத்தர் எழுதியது. கட்டளைகள், விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம், ஞானஸ்நானம் என்று ஞானோபதேசத்தின் பகுதிகளுக்கெல்லாம் தனித்தனியாகப் பாட்டுக் கட்டினார், ஜனங்கள் பாடியே படிக்கட்டும் என்று. நம் பக்கத்திலும், 12 வயதில் மிஷனரி சுவார்ட்சு ஐயர் தஞ்சாவூருக்கு அழைத்து வந்து வளர்த்த பையன் வேதநாயகம் சாஸ்திரியார், கும்மி, குறவஞ்சி என்று தமிழில் இருந்த அத்தனை வடிவத்தையும் விசுவாசத்துக்குள் கொண்டுவந்தார்.

உன் உண்மையான கவலை பாட்டைப் பற்றி இல்லை என்று நினைக்கிறேன். "எனக்கு ஒண்ணுமே தோணலை" என்று எழுதியிருக்கிறாயே, அதற்கு வருகிறேன். விசுவாசப் பிரமாணத்தின் மூன்றாம் பகுதிக்கு லுத்தர் எழுதிய விளக்கத்தை எடுத்துப் பார். என் சொந்த அறிவாலும் பலத்தாலும் கிறிஸ்துவை விசுவாசிக்க என்னால் முடியாது, பரிசுத்த ஆவியானவரே என்னை அழைத்தார் என்பதுதான் அதன் கருத்து. உனக்குள் உணர்ச்சி வருகிற நாளில் மட்டும் கடவுள் உன்னுடையவர், வராத நாளில் இல்லை என்று ஆகாது. கைக்குழந்தையாக ஒன்றும் தெரியாமல் நீ ஞானஸ்நானம் வாங்கினாயே, அன்றைக்கு உனக்கு என்ன தோன்றியிருக்கும்? ஒன்றுமில்லை. வாக்குத்தத்தம் மட்டும் அன்றைக்கே உனக்கு வந்துவிட்டது.

மீட்டிங்குக்குப் போனால் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போ. அங்கே ஒன்றைக் கவனி: நான் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் பேசுகிறார்களா, கிறிஸ்து எனக்காக என்ன செய்து முடித்தார் என்றும் சொல்கிறார்களா? முதலாவதை மட்டும் கேட்டு வீட்டுக்கு வரும் பிள்ளைகள் சீக்கிரம் களைத்துப்போகிறார்கள். அப்புறம் உங்கள் சபைகுருவிடம் போய், பாவ அறிக்கை ஏன் முதலில் வருகிறது, எதற்கு எழுந்து நிற்கிறோம், "கர்த்தாவே இரங்கும்" என்று ஏன் பாடுகிறோம் என்றெல்லாம் ஒருநாள் உட்கார்ந்து சொல்லித்தரச் சொல். சந்தோஷமாகச் சொல்லித்தருவார்.

திடப்படுத்தல் வகுப்பில் எல்லாரும் ஒரே அப்பம், ஒரே பாத்திரம் என்றார்கள். சபைத் தேர்தல் வந்ததும் பெரியவர்கள் சாதி பார்த்து ஓட்டுச் சேகரிக்கிறார்கள். எங்களை எதற்குப் படிக்கச் சொல்கிறார்கள்?
*ஒரு வாலிபர், ஊர் வேண்டாம்*

உங்கள் கோபம் நியாயமானது, தம்பி. அதைச் சமாதானம் சொல்லி ஆற்ற நான் முயலப்போவதில்லை. இது நம் சபையில் நேற்று வந்த வியாதியும் இல்லை. 1733-இல் தரங்கம்பாடியில் ஆரோன் முதல் இந்திய லுத்தரன் குருவாக அபிஷேகம் பெற்றார். அதே காலத்தில் ராஜநாயக்கன் என்று ஓர் உபதேசியார் இருந்தார். தஞ்சை அரசரின் படையில் வேலை பார்த்தவர், தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷங்களை வாசித்து வந்தவர், ஊர் ஊராகப் போய் உழைத்தவர், பலமாக அடிபட்டவர். அவர் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர் என்பதால், அவர் கையால் மற்றவர்கள் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்று சொல்லி அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கவில்லை. 1741-இல் தியோகு என்ற இன்னொருவருக்குக் கொடுத்தார்கள். இதை நம் வாலிபர் கூட்டங்களில் சொல்லிக்கொடுப்பதே இல்லை. சொல்லிக்கொடுக்க வேண்டும், சீர்திருத்தத் திருநாள் அன்றைக்கே பெயர் சொல்லிச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

உங்களால் இப்போது செய்ய முடிவது என்ன? உங்கள் வயதுக்காரர்கள் யாரும் சாதிக் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கப் போக மாட்டோம் என்று சேர்ந்து முடிவெடுங்கள். வாலிபர் சங்கத் தேர்தலிலாவது அந்தப் பேச்சு வராமல் நடத்திக் காட்டுங்கள். பெரியவர்கள் கோபப்படுவார்கள்தான், படட்டும்.

எங்கள் வாலிபர் சங்கத்தில் டிசம்பர் கேரல் ரவுண்ட்ஸ், கிரிக்கெட் போட்டி, சபை நாள் அன்று பந்தி பரிமாறுவது, இவ்வளவுதான். திடப்படுத்தல் முடித்தவர்கள் அடுத்த வருடமே காணாமல் போகிறார்கள். என்ன நிகழ்ச்சி வைத்தால் வருவார்கள்?
*சங்கச் செயலாளர், தஞ்சாவூர்*

நிகழ்ச்சியைத் தேடாதீர்கள் தம்பி, பொறுப்பைக் கொடுங்கள். திடப்படுத்தல் என்பது பட்டமளிப்பு விழா என்று நாம்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தோம்: வெள்ளைச் சேலை, புது ஷர்ட், போட்டோ, பிரியாணி. அப்புறம் எதற்கு வருவார்கள்? லுத்தர் இதை ஞானஸ்நானம், திருவிருந்து மாதிரி ஒரு திருவருட்சாதனம் என்று ஏற்கவே இல்லை. 1539 வாக்கில் ஜெர்மனியின் ஹெஸ்ஸேயில் மார்ட்டின் புட்சர் என்ற சீர்திருத்தக்காரர் வகுத்துக் கொடுத்த ஒழுங்கு, அப்புறம் உள்ளத்து பக்தியை வலியுறுத்திய பக்திநெறிக்காரர்கள் ஊக்கத்தால் பரவி, 1736-இல் டென்மார்க்கில் சட்டமாகவே ஆனது. ஞானஸ்நானத்தில் வாங்கியதைத் தானாகச் சொல்லி அறிக்கையிட்டு, சபை வேலைக்குள் நுழைகிற நாள் அது. நுழைந்ததும் வேலை இருக்க வேண்டும் அல்லவா?

பின்லாந்து லுத்தரன் சபையில் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. அங்கே 15 வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் திடப்படுத்தல் வகுப்புக்குப் போகிறார்கள், கோடையில் ஒரு வாரம் போல முகாமும் உண்டு. முகாமில் சின்னக் குழுக்களை நடத்துவது யார் தெரியுமா? முந்தைய வருடங்களில் திடப்படுத்தல் பெற்று, அப்புறம் தனிப் பயிற்சியும் எடுத்த 16, 17 வயதுக்காரர்கள். ஜெபம், விளையாட்டு, நாடகம், ராத்திரி தூங்க வைப்பது எல்லாம் அவர்கள் கையில். அடுத்த வருடம் நானும் அப்படி நிற்க வேண்டும் என்று சின்னவர்களுக்கு ஆசை வருகிறது.

முகாம் நடத்த உங்களிடம் பணம் இல்லாமல் இருக்கலாம், ஆள் இருக்கிறதே. இந்த வருடம் திடப்படுத்தல் முடித்த ஒவ்வொருவரிடமும் புதிதாக வகுப்பில் சேரும் இரண்டு பிள்ளைகளை ஒப்படையுங்கள், ஒப்பிக்க உதவுவது, வராத வாரம் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது அவர்கள் வேலை. வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) வந்தால் ஒரு வகுப்பை முழுசாக அவர்களிடம் விடுங்கள், பெரிய டீச்சர் பின் பெஞ்சில் உட்காரட்டும். வேத வாசிப்பு, கீபோர்டு, மைக் செட், நடக்க முடியாத முதியவர்களைப் பார்க்கப் போகும் குழு, எதிலாவது ஒன்றில் ஒவ்வொருவர் பெயரும் இருக்கட்டும். கிரிக்கெட்டையும் விட்டுவிடாதீர்கள், சில பையன்கள் அதற்காகவாவது வருகிறார்கள்.

அப்புறம் கமிட்டி. உலக லுத்தரன் சம்மேளனம் 1984 புடாபெஸ்ட் மாமன்றத்திலேயே, முடிவெடுக்கும் இடங்களில் 20 சதவீதம் இளையோர் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தது. இளையோர் என்றால் அங்கே 30 வயது வரை. உங்கள் சபைக் கமிட்டியில் 30 வயதுக்குக் கீழே எத்தனை பேர்? அதில் பெண்கள் எத்தனை பேர்? அடுத்த பொதுக்கூட்டத்தில் எழுந்து மரியாதையோடு கேளுங்கள். நம் பக்கம் வந்த முதல் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது அவருக்கு 24 வயது முடிய இன்னும் ஒரு நாள் இருந்தது. "சின்னப் பையன், இவனுக்கு என்ன தெரியும்" என்று அனுப்பியவர்கள் நினைத்திருந்தால் நமக்குச் சபை ஏது?

சீர்திருத்தத் திருநாளான அக்டோபர் 31-ஐ ஒட்டி வாலிபர்களைத் தரங்கம்பாடிக்கு அழைத்துப் போகிறோம். எதைக் காட்டுவது?
*ஞாயிறு பள்ளி ஆசிரியை, சீர்காழி*

எல்லாரும் டேனிஷ் கோட்டையில் செல்ஃபி எடுத்துவிட்டுக் கடலில் இறங்கிவிடுவார்கள், அதனால் முதலில் புதிய எருசலேம் ஆலயத்துக்குப் போய்விடுங்கள். 1718-இல் பிரதிஷ்டை ஆனது. சீகன்பால்கு உள்ளேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார், 1719-இல் இறந்தபோது அவருக்கு 36 வயது. அங்கே உட்காரவைத்து ஒரு விஷயத்தை மட்டும் சொல்லுங்கள்: தமிழ் படிக்க அவர் ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரையும் பிள்ளைகளையும் தன் இடத்துக்கு வரவழைத்து, அந்தச் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். அப்புறம் பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும். அடுத்து அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகம், தரங்கம்பாடியில் சுவிசேஷங்களை அச்சடித்த அச்சு இயந்திரத்தின் கதையை அங்கே வைத்துச் சொல்லலாம். ஆலயம் திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், உள்ளூர் சபைகுருவுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லிவிடுங்கள். அக்டோபர் கடைசி என்றால் மழைக்காலம் வேறு, குடையும் மாற்றுத் துணியும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.