வாசகர் கேள்விகள்: பந்தயக் குதிரையும் வண்டிக் குதிரையும் சேர்ந்தால்

கேள்வி: ஒலிம்பிக் தடை தாண்டும் போட்டிகளில் ஓடுபவை பெரும்பாலும் 'வார்ம்பிளட்' குதிரைகள் என்று படித்தேன். வேகமான தரோபிரெட் பந்தயக் குதிரையையும் வலுவான வண்டிக் குதிரையையும் இணைத்தால் அப்படிப்பட்ட குதிரை கிடைத்துவிடுமா? (கோவை வாசகி)

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். இதற்கும் இரத்தத்தின் வெப்பநிலைக்கும் தொடர்பில்லை. துடிப்பும் வேகமும் மிகுந்த அரேபியக் குதிரைகளையும் தரோபிரெட்டுகளையும் 'சூடான இரத்தம்' என்றும், ஏர் உழவும் பாரம் இழுக்கவும் பயன்பட்ட பருத்த குதிரைகளைக் 'குளிர்ந்த இரத்தம்' என்றும் ஐரோப்பியர் வழங்கினார்கள். இடைப்பட்டவை வெதுவெதுப்பானவை, அதாவது 'வார்ம்பிளட்', அவ்வளவுதான்.

ஒரே தலைமுறையில் கிடைத்துவிடுமா என்றால், சில சமயம் நல்ல குதிரை கிடைக்கும். அயர்லாந்தின் டிராஃப்ட் என்ற பாரக் குதிரையையும் தரோபிரெட்டையும் இணைத்து வேட்டைக்கும், நடைப் பயிற்சி, வெளிநில ஓட்டம், தடை தாண்டல் மூன்றும் சேர்ந்த ஈவென்டிங் போட்டிக்கும் ஏற்ற குதிரைகளை அந்நாட்டினர் நெடுங்காலமாக உருவாக்கி வருகிறார்கள். ஆனால் இது பாலையும் டிகாஷனையும் கலப்பதுபோல் அளவு பார்த்து முடிக்கிற வேலை அன்று. தந்தையின் படபடப்பும் தாயின் கனத்த உடலும் ஒரே குட்டியிடம் வந்து சேர்ந்து, மெல்லிய கால்கள் அந்த எடையைத் தாங்க முடியாமல் தவிப்பதும் நடக்கும்.

வடஜெர்மனியின் ஹோல்ஸ்டைன் குதிரையின் கதையைப் பார்த்தால் இது விளங்கும். வண்டிக்கும் பீரங்கி இழுப்பதற்கும் பெயர்பெற்றிருந்த அந்த இனம், இரண்டாம் உலகப் போருக்குப் பின் டிராக்டர் வந்ததும் வேலையற்றுப் போயிற்று. குதிரை வைத்திருந்த உழவர்கள் அதைச் சவாரிக் குதிரையாக மாற்ற முனைந்து, தரோபிரெட் பொலிகுதிரைகளை (இனப்பெருக்கத்துக்கான ஆண் குதிரைகளை) தங்கள் பெண் குதிரைகளோடு சேர்த்தார்கள். அவற்றுள் 1961-இல் பிறந்த லேடிகில்லர் முக்கியமானது. அதன் மகனான லாண்ட்கிராஃப் தடை தாண்டும் குதிரைகளின் பெருந்தந்தையாயிற்று. நயமும் துடிப்பும் வந்தாலும், தாவும்போது முதுகை வில்லாக வளைக்கும் பாங்கு போதவில்லை என்று கருதியவர்கள், 1971-இல் பிரான்சிலிருந்து கோர் டி லா பிரியேர் என்ற இளம் பொலிகுதிரையைக் கொண்டுவந்தார்கள். அதன் தந்தையும் தரோபிரெட்டே. ஆனால் இந்தக் குதிரை வந்தது பிரெஞ்சு நாட்டுத் தடை தாண்டும் வம்சத்தின் வழியாக. பின்னர் லேடிகில்லர் வழிப் பெண் குதிரைகளுக்கு இந்தப் பிரெஞ்சு வழிப் பொலிகுதிரைகளைச் சேர்த்தபோதுதான் இன்று நாம் காணும் ஹோல்ஸ்டைன் உருவாயிற்று.

கலப்பைக் காட்டிலும் கழிப்புதான் இங்கே பெரிய வேலை என்பது என் எண்ணம். ஏறத்தாழ இரண்டரை வயதில் ஆண் குதிரைகளைத் தேர்வுக்குக் கொண்டுவருகிறார்கள். முதுகில் ஆள் இல்லாமல், இருபுறமும் வேலியிட்ட பாதையில் தடைகளை வைத்துக் குதிரையைத் தனியே ஓடவிடுவார்கள். முன்கால்கள் முழங்காலிலிருந்து இறுக மடிகின்றனவா, பின்கால்கள் தடைக்கு மேலே திறந்து விலகுகின்றனவா, தடையை நெருங்கும்போது குதிரை தானாகத் தூரத்தைக் கணித்துக்கொள்கிறதா என்று நடுவர்கள் பார்ப்பார்கள். தேறாதவற்றுக்கு அந்த இனப்பதிவேட்டில் பொலிகுதிரையாக இடமில்லை.

கேள்வி: வம்சாவளிப் பட்டியலில் சில பெயர்களுக்குப் பின்னால் 'எக்ஸ் எக்ஸ்' என்று இருக்கிறதே? (மதுரை வாசகர்)

அது தரோபிரெட் என்பதற்கான குறி. அரேபியக் குதிரைக்கு 'ஓ எக்ஸ்' என்று போடுவார்கள். சூடான இரத்தம் எத்தனை தலைமுறைக்கு முன் வந்தது என்பது ஒரே பார்வையில் புலப்பட்டுவிடும். பெயரிடும் வழக்கத்திலும் செய்தி உண்டு: ஜெர்மனியின் ஹானோவர் இனக் குதிரையின் பெயர் தந்தையின் முதலெழுத்தில் தொடங்கும், டிராகேனர் இனக் குதிரைக்குத் தாயின் முதலெழுத்து.

கேள்வி: பெரும் போட்டிகளில் வென்ற பெண் குதிரையின் குட்டியும் அப்படியே வெல்லும் என்று நம்பலாமா? (சேலம் வாசகர்)

நம்பிப் பணம் போடாதீர்கள். ஜெர்மனியின் ஹாலா என்ற பெண் குதிரையை எடுத்துக்கொள்வோம். 1956 ஒலிம்பிக்கின் குதிரைப் போட்டிகள், ஆஸ்திரேலியாவின் தொற்றுத்தடைச் சட்டம் காரணமாக, மெல்போர்னில் அல்லாமல் ஸ்டாக்ஹோமில் நடந்தன. முதல் சுற்றில் ஹாலாவை ஓட்டிய ஹான்ஸ் குந்தர் விங்க்லருக்குத் தொடையிடுக்குத் தசை கிழிந்தது. இரண்டாம் சுற்றில் வலியோடு உட்கார்ந்திருப்பதைத் தவிர அவரால் அதிகம் செய்ய இயலவில்லை. ஹாலா எந்தத் தடையையும் தட்டாமல் ஓடி முடித்து, தனிநபர் தங்கத்தையும் அணித் தங்கத்தையும் பெற்றுத் தந்தது. அதன் தந்தை ஓபர்ஸ்ட் வண்டிப் பந்தயத்தில் ஓடும் டிராட்டர் இனத்தது. தாயும் புகழ்பெற்ற தடை தாண்டும் வம்சத்தைச் சேர்ந்தவள் அல்லள். ஓய்வுக்குப் பின் ஹாலா எட்டுக் குட்டிகளை ஈன்றது. ஒன்றுகூடத் தாயின் சாதனையை எட்டவில்லை.

வேறுபட்ட இரு வழிகள் சந்தித்தபோது ஹாலாவிடம் அமைந்த மரபணுச் சேர்க்கை, குட்டியிடம் போகும்போது கலைந்துவிடுகிறது. பாதிதான் தாயிடமிருந்து வருகிறது, அது எந்தப் பாதி என்பது நம் கையில் இல்லை. ஆகவேதான் ஹோல்ஸ்டைன்காரர்கள் தாய்வழிக் குடும்பங்களுக்கு எண் கொடுத்துத் தலைமுறை தலைமுறையாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். தங்கம் வென்ற ஒரு தாயைவிட, பாட்டியும் பெரியம்மா சித்திகளும் சகோதரிகளும் நல்ல குட்டிகளைத் தந்த குடும்பத்தில் பிறந்த சாதாரணப் பெண் குதிரையையே நான் தேர்ந்தெடுப்பேன்.

கேள்வி: உறைய வைத்த விந்தணு கிடைக்கும்போது, எல்லோரும் மிகச் சிறந்த பொலிகுதிரையையே பயன்படுத்தினால் என்ன? (திருச்சி வாசகி)

தரோபிரெட்டில் அதற்கு வழியே இல்லை. இயற்கையான சேர்க்கையில் பிறந்த குட்டியை மட்டுமே பதிவேட்டில் ஏற்பார்கள். வார்ம்பிளட்டில் செயற்கைக் கருவூட்டலுக்கு அனுமதி உண்டு என்பதால், இறந்துபோன பொலிகுதிரைக்கும் குட்டிகள் பிறக்கின்றன. ஆனால் ஒரே குதிரையின் சந்ததி பெருகினால், அதனிடம் மறைந்திருக்கும் குறையும் சேர்ந்தே பெருகும். வார்ம்பிளட் குட்டிகளில் தோல் ஒட்டாமல் கிழிந்துபோகும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. குறையுள்ள மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் சுமக்கும் குதிரை நோயின்றி வாழும். அப்படிப்பட்ட இரண்டைச் சேர்த்தால், ஒவ்வொரு முறையும் குட்டிக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. பிடரி முடியை வேரோடு பிடுங்கி அனுப்பினால் பரிசோதனையில் தெரிந்துவிடும். சுமக்கும் குதிரையை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. சுமக்காத துணையோடு சேர்த்தால் போதும். பதினொரு மாதம் சினையாகக் காத்திருந்து குட்டியை இழப்பதற்கு முன், இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.